பேணி வைத்துப் பிள்ளை எண்ணிய வேலை

போன கிழமை வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனடிக் கடையில் வல்லாரை வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு விழுந்தடித்துக்கொண்டு போனேன். வல்லாரை முடிந்துவிட்டது. கடைக்காரப் பெடியன் "நாளைக்கு வாங்கோ அன்ரி" என்றான். நாளைக்கு யார் கண்டது என்று வெளியே வந்தால், கால் தன்பாட்டில் பக்கத்துப் படியில் ஏறிவிட்டது. அந்தப் படியால் ஏறித்தான் நான் பல வருடம் வேலைக்குப் போனேன். மேல்மாடியில் ஒரு மைகிரேஷன் ஒஃபிஸ். ஒஸ்ரேலியாவுக்குப் பெற்றோரைக் கூப்பிட, மனைவியைக் கூப்பிட, யாரைக் கூப்பிடுவதென்றாலும் நம் சனம் அங்கேதான் வரும்.

இப்போது என் இடத்தில் கீர்த்தனா என்ற பிள்ளை இருக்கிறாள். இங்கேயே பிறந்தவள். நல்ல பிள்ளை, என்னைக் கண்டதும் கதிரை இழுத்துப் போட்டாள். "இப்ப எல்லாம் ஒன்லைன் அன்ரி. ஒருத்தரும் இஞ்ச வந்து கதை சொல்லத் தேவையில்லை. இதில அடிச்சால் இதுவே கேஸ் சரியோ பிழையோ எண்டு சொல்லும்" என்று கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாள்.

"என்ரையைப் போட்டுக் காட்டு பாப்பம்" என்றேன். எனக்கு இந்த மாதிரி விளையாட்டென்றால் ஆசை.

"எத்தினை பிள்ளையள் அன்ரி?"

"இப்ப ஒண்டு."

"எங்க இருக்கிறார்?"

"அடுத்த தெருவிலதான். கறி கொதிச்சால் மணம் வரும்."

அவள் சிரித்துக்கொண்டு தட்டினாள். திரை முழுக்கப் பச்சையானது. "வாவ் அன்ரி! சூப்பர் கேஸ் உங்கட! நூறு வீதம்!" என்று கை தட்டினாள்.

நானும் சிரித்தேன். "ஓம் பிள்ளை, நல்ல கேஸ்தான்" என்றேன்.

"முந்தி கம்ப்யூட்டர் இல்லாமல் எப்பிடி அன்ரி செய்தனீங்கள்?" என்று அவள் கேட்டதில் தொடங்கியதுதான் இந்தக் கதை. எனக்கு எழுத்து வாசனை இல்லை. என் பெயரைக்கூடக் கோலம் மாதிரித்தான் கீறுவேன். நான் சொன்னதை அவள் ஃபோனில் பிடித்தாள். அவளுடைய அம்மா அதை எழுத்துத் தமிழாக்கி எங்கள் முதியோர் சங்க மலருக்குக் கொடுத்திருக்கிறார். பிழை இருந்தால் அந்த அம்மாவைக் கேளுங்கள். நல்லதாக இருந்தால் என்னைச் சொல்லுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த கதை சின்னது. மகன் என்னைக் கூப்பிட்டான், வந்தேன். பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் வீட்டுச் சுவரோடு எவ்வளவு நேரம் கதைக்கிறது? ஒஃபிசில் கூட்டித் துடைத்துத் தேத்தண்ணி போட ஆள் தேவை என்றார்கள். போனேன். மருமகளுக்கு வெட்கம். "ஆக்கள் என்ன சொல்லுவினம் மாமி" என்றாள். "தேத்தண்ணி நல்லாயிருக்கெண்டு சொல்லுவினம்" என்றேன்.

ஒஃபிஸ் நடத்தியவரை நாங்கள் சேர் என்றுதான் சொல்வோம். ஊரில் கணக்குப் படிப்பித்தவர். அவரைப் போல ஒரு மனிதரை நான் அதற்கு முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை. வயதான பெண் ஒருத்தி வாசலில் தெரிந்தால் எழுந்து நிற்பார். அந்த அம்மா கதிரையில் இருந்த பிறகுதான் தானும் இருப்பார். ஆனால் யாருக்கும் ஒரு ஆறுதல் வார்த்தை சொல்ல மாட்டார். "கிடைக்கும்" என்று அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. "போட்டுப் பாப்பம்" என்று யாராவது சொன்னால் முகம் சுருங்கும். "லொத்தரோ போட்டுப் பாக்கிறதுக்கு?" என்பார். கெட்ட செய்தி சொல்வதற்கு முன்னால் சட்டைக் கையை மடிப்பார். முதலில் இடது கை, பிறகு வலது கை, மடிப்பு நெளியாமல், முழங்கை வரைக்கும். எனக்கு அது பழகிவிட்டது. கை மடிக்கத் தொடங்கினாலே நான் குசினிக்குள் போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிடுவேன்.

தேத்தண்ணிக்காரி எப்படிக் கேள்வி கேட்கிறவள் ஆனேன்? இந்த நாட்டில் பெற்றோரைக் கூப்பிடுவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பெற்ற பிள்ளைகளில் பாதிக்குக் குறையாமல் இங்கே நிரந்தரமாக இருக்க வேண்டும். அல்லது வேறு எந்த ஒரு நாட்டில் இருக்கிறதை விடவும் இங்கே கூடப் பேர் இருக்க வேண்டும். அதனால் தாயிடம் எத்தனை பிள்ளை என்று கேட்க வேண்டும். கேட்கிறது சுலபம் என்று நினைக்கிறீர்களா? ஒரு ஆம்பிளை, அதுவும் சட்டை போட்ட படித்த ஆம்பிளை கேட்டால் எங்கள் பெண்கள் என்ன சொல்வார்கள்? முதல் தாரத்துப் பிள்ளையைச் சொல்ல மாட்டார்கள். அக்காவுக்கு வளர்க்கக் கொடுத்த பிள்ளையைச் சொல்ல மாட்டார்கள். செத்த பிள்ளையைச் சொல்லத் தொடங்கினால் நிறுத்த மாட்டார்கள். சேர் ஒரு நாள் காலை என்னைக் கூப்பிட்டு இருத்தி, யார் கணக்கில் வரும், யார் வராது என்று சொல்லித் தந்தார். இறந்த பிள்ளை வராது. கணவனின் முதல் தாரத்துப் பிள்ளை வரும். "இனி நீங்கள் கேளுங்கோ தங்கமக்கா. நான் தள்ளி இருந்து எழுதுறன்" என்றார். அவ்வளவுதான் என் படிப்பு.

எனக்கோ எழுதத் தெரியாது. ஊர் ஊராகச் சிதறிய பிள்ளைகளை மனதில் வைத்திருக்கவும் கஷ்டம். அதனால் ஒரு வழி செய்தேன். தேத்தண்ணி ஊற்றிக் குடிக்கிற சில்வர் பேணிகள் ஒஃபிசில் இருந்தன. தட்டத்தின் நடுவே ஒரு டேப்பை நீளத்துக்கு ஒட்டினேன். வலது பக்கம் ஒஸ்ரேலியா. இடது பக்கம் மற்ற உலகம் முழுக்க. தாய் ஒரு பிள்ளையின் பெயர் சொல்ல நான் ஒரு பேணி வைப்பேன். அவர்களுக்கும் அது பிடிக்கும். "உதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கோ, அவள் கனடாவில, அண்ணனோட கோவம்" என்பார்கள்.

சிரிப்பான கதைகளும் உண்டு. வெரிபீயிலிருந்து ஒரு மகன் தாயைக் கூட்டிக்கொண்டு வந்தான். மெல்போர்னில் அவனுக்குப் பிடித்த ஏஜென்ட் அமையவில்லையாம், அதனால் தங்கை வீட்டுக்கு வந்த இடத்தில் எங்களிடம் வந்தான். அந்த அம்மாவுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன். "ஏழு" என்றார். ஒவ்வொன்றாகப் பேணி வைத்தேன். வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் ஐந்து. தட்டம் சரிந்து விழப் பார்த்தது. சேர் இடது கையை மடிக்கத் தொடங்கிவிட்டார். மகன் வாயைத் திறந்து தாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசி நாலு பெயருக்கும்தான் அவன் வாய் திறந்தது. எனக்கு ஒரு சந்தேகம். "அம்மா, இந்த நாலையும் ஆர் பெத்தது?" என்றேன்.

"பெத்தது தங்கச்சி. பிள்ளையள் என்ரை."

மகன் தலையில் அடித்துக்கொண்டான். "அம்மா! அது சின்னம்மாவின்ர பிள்ளையள்!"

"தங்கச்சி பெத்தால் எனக்குப் பிள்ளையள் இல்லையோ? நீயும் அவளைச் சின்னம்மா எண்டுதானே கூப்பிடுறாய்? அம்மாவுக்கு முன்னால சின்ன எண்டு போட்டால் அம்மா இல்லையெண்டு போயிடுமோ?"

நான் நாலு பேணியையும் எடுக்க, அந்த அம்மா என் கையைப் பிடித்துவிட்டார். "அப்ப அதுகளுக்கு நான் ஆர்?" என்றார். சேர் மடித்த கையை இறக்கிவிட்டு, "இஞ்சத்தச் சட்டத்தில அன்ரி" என்றார்.

"நல்ல சட்டம்! கடைக்காரியும் அன்ரி, பெரியம்மாவும் அன்ரி!"

அந்தக் கேஸ் சரி வந்தது. ஆனால் அந்த அம்மா போகும்வரைக்கும் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அவர் கண்ணுக்கு நான் அவருடைய நாலு பிள்ளைகளைப் பறித்துக் குசினிக்குள் கொண்டுபோனவள்.

சகோதரங்களைக் கூப்பிட வருகிறவர்கள் கதை வேறு. சிட்டிசன் ஆகிய அன்றைக்கே ஓடி வருவார்கள். கவுன்சிலில் சிட்டிசன் ஆக்கும்போது சின்னச் செடி ஒன்று கொடுப்பார்கள். எனக்கும் தந்தார்கள், மேயர் கை கொடுத்தபோது நான் கையை இறுக்கிப் பிடித்து விடாமல் ஆட்டினேன், மகன் வெட்கப்பட்டான். ஒரு பெடியன் அந்தச் செடியையும் அணைத்துக்கொண்டு நேரே ஒஃபிசுக்கு வந்தான். முகமெல்லாம் பல்.

"சேர், இனித் தம்பியை எடுக்கலாம்தானே?"

சேர் கையை மடித்தார். நான் தண்ணீர் எடுக்கப் போனேன்.

"தம்பியோட அங்க ஆர் இருக்கினம்?"

"அம்மா, அப்பா, தங்கச்சி. எல்லாரும் சுகம் சேர்."

"அப்ப ஏலாது. சிட்டிசன் எண்டு சகோதரத்தைக் கூப்பிட இஞ்ச வழியில்லை. வெளியில சொந்தம் எண்டு ஒருத்தரும் மிஞ்சாத ஆளுக்குத்தான் ஒரு விசா இருக்கு. அதுக்கும் வரிசை. அந்த வரிசை முடியிறதுக்குள்ள தம்பிக்கும் பேரப்பிள்ளை வந்திடும்."

பெடியன் செடியை மேசையில் வைத்தான். "அப்ப நான் சிட்டிசன் ஆனது என்னத்துக்கு சேர்?"

"வோட் போட. போடாட்டித் தண்டம் கட்ட வேணும்."

சேர் பகிடி விட்டதாக நீங்கள் நினைக்கக்கூடாது. அவர் உண்மையைத்தான் சொன்னார். பெடியன் செடியை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டான். நான் தண்ணீர் ஊற்றி வளர்த்தேன். இன்னும் அந்தப் படிக்கட்டில் நிற்கிறது, என் உயரத்துக்கு.

இனிப் பரமேசுவின் கதை. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் சுற்றி வந்தேன்.

கிரவீனில் தர்சினி என்று ஒரு பிள்ளை. முதியோர் இல்லத்தில் வேலை. ஊரார் தாய்மாரைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, வாயில் சாப்பாடு ஊட்டுகிற வேலை. புருசன் லொறி ஓட்டுகிறவன். கிழமைக் கணக்கில் வீட்டில் இல்லை. சின்னப் பிள்ளைகள் இரண்டு. அவளுடைய தாய் பரமேஸ்வரி விசிட்டர் விசாவில் வந்திருந்தாள். விசா முடியப் போகிறது. திரும்பிப் போனால் ஊரில் அந்த வீட்டில் பரமேசு தனி. தாயை இங்கேயே வைத்திருக்க வழி இருக்கிறதா என்று கேட்கத்தான் இருவரும் வந்தார்கள்.

பரமேசு என்னை விட வயதில் குறைந்தவள். வாய்க்காரி. படி ஏறி மேல்மூச்சு வாங்க வந்தவள் தட்டத்தைப் பார்த்துவிட்டு, "இதென்ன, பேணியில டேப் ஒட்டி விக்கிறியளோ?" என்றாள். எனக்கு உடனே பிடித்துவிட்டது.

"எத்தினை பிள்ளையள் உங்களுக்கு?"

"மூண்டு."

"ஒண்டு இவ." தர்சினிக்கு ஒரு பேணியை வலப்பக்கம் வைத்தேன்.

"மூத்தவன் பிரான்ஸ். கலியாணம் கட்டி, தாடி வச்சு, ஃபோன் எடுக்காமல் இருக்கிறான்." இடப்பக்கம் ஒரு பேணி.

"இளையவர்?"

பரமேசு தட்டத்து டேப்பை விரலால் தடவினாள்.

"இளையவர் எங்க இருக்கிறார்?"

"அதைத்தானே அக்கா நானும் எல்லாரிட்டையும் கேட்டுக்கொண்டு திரியிறன்" என்றாள்.

ஊரில் கடைசிச் சண்டை முடிவில் ஆமி கொண்டுபோன பிள்ளை. பஸ்ஸில் ஏற்றினதைப் பரமேசு தன் கண்ணால் கண்டவள். பிறகு ஒரு செய்தியும் இல்லை. படத்தை நெஞ்சில் பிடித்துக்கொண்டு, எங்கள் பிள்ளைகள் எங்கே என்று கேட்டு றோட்டோரக் கொட்டிலில் இருந்த தாய்மாரில் இவளும் ஒருத்தி. மூன்றாவது பேணி என் கையில் இருந்தது. வலப்பக்கம் வைக்க முடியாது. இடப்பக்கம் வைக்கலாமா? நான் சேரைப் பார்த்தேன்.

பரமேசு சொன்னாள்: "கையில வச்சிருங்கோ அக்கா. நானும் அப்பிடித்தான் வச்சிருக்கிறன்."

சேர் இடது கையை மடித்தார். வலது கையை மடித்தார். "கையில வச்சிருக்கிறதுக்கு விசா குடுக்கிறவையிட்ட இடமில்லை அன்ரி. செத்தவர் எண்டு பத்திரம் இல்லாட்டி உயிரோட இருக்கிறார் எண்டுதான் எடுப்பினம். கடைசியாக இருந்த இடம் எங்கட ஊர், அப்ப அந்தப் பக்கம்தான். மூண்டில ஒண்டுதான் இஞ்ச. கேஸ் நிக்காது."

"காணாமல் போனவர் எண்டு ஒரு பத்திரம் குடுக்கிறாங்களே சேர்?" என்றாள் தர்சினி.

"அதை வச்சு நிக்கும் எண்டு நான் கையெழுத்துப் போட மாட்டன்."

"தம்பியை எழுதாமலே விட்டால்?"

"நீங்கள் இஞ்ச வரேக்க தந்த பேப்பரில தம்பி இருக்கிறார் பிள்ளை. விட்டால் உங்களுக்கும் சேர்த்துப் பிரச்சினை. நான் விடவும் மாட்டன்."

மிச்சத்தை அவர் சொல்லத் தேவையிருக்கவில்லை. மரணப் பத்திரம் எடுத்தால் பேணி இரண்டு. இரண்டில் ஒன்று இங்கே. பாதி. கேஸ் சரி. ஆனால் அந்தப் பத்திரத்துக்குத் தாய் சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டும். என் மகன் இறந்துவிட்டான் என்று நான் நம்புகிறேன் என்று அவளே கையெழுத்து வைக்க வேண்டும்.

"ஒரு பேப்பர்தானேயம்மா" என்றாள் தர்சினி.

"பேப்பர்தான் எண்டால் நீயே எழுதிக் குடன்."

"எல்லாருக்கும் தெரியும் அம்மா. உங்களுக்கும் தெரியும்."

"எனக்கு என்ன தெரியும்? நீ சொல்லு. எங்க புதைச்சவை? ஆர் பாத்தது?"

தர்சினி எழுந்துவிட்டாள். "நான் ஒவ்வொரு நாளும் ஆரோ வெள்ளைக்காரியளைத் தூக்கிக் குளிப்பாட்டுறன். என்ர அம்மா அங்க தனிய விழுந்து கிடந்தாலும் எனக்குத் தெரியாது. உங்களுக்கு இருக்கிற பிள்ளை ஒரு பிள்ளையாத் தெரியேல்ல. இல்லாதவன்தான் பிள்ளை." அழுதுகொண்டு படியிறங்கிக் கீழே போய் நின்றாள். ஸ்டேஷன் பக்கம் பார்த்துக்கொண்டு அவள் நிற்பது ஜன்னலால் தெரிந்தது.

சேர் என்னிடம் வந்து மெதுவாக, "நெருக்க வேண்டாம். தேத்தண்ணி மட்டும் குடுங்கோ" என்றார்.

ஒஃபிஸ் குசினி என்பது ஒரு சிங்க், ஒரு கேத்தல், இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் மூச்சு விட இடமில்லாத இடம். பரமேசு தானாகவே பேணிகளைக் கழுவத் தொடங்கினாள். சும்மா இருக்க முடியாத கைகள். நான் தேத்தண்ணிக்குச் சீனி போட்டுக்கொண்டிருந்தேன்.

"உங்களுக்கு எத்தினை அக்கா?" என்று கேட்டாள்.

அத்தனை வருடம் எல்லாத் தாய்மாரிடமும் நான் கேட்ட கேள்வி. என்னை அதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை.

"மூண்டு பெத்தனான்" என்றேன். "ரெண்டு ஷெல்லில செத்துப்போட்டுதுகள். மூத்தவன் இஞ்ச இருந்ததால தப்பினான். அவன்தான் என்னைக் கூப்பிட்டவன். எனக்குக் கேஸ் போட்ட வெள்ளைக்கார ஏஜென்ட் மகனிட்டைச் சொன்னவராம், இதைப்போல நல்ல கேஸ் கிடைக்கிறது கஷ்டம் எண்டு. இருக்கிற பிள்ளை ஒண்டு, அதுவும் இஞ்ச. ஒரு கேள்வியும் வராது எண்டு."

பரமேசு தண்ணீரை நிறுத்தினாள். "ரெண்டையும் கண்ணால கண்டனீங்களோ?"

"ஓம். நானும் இவருமாத்தான் கிடங்கு வெட்டிப் புதைச்சது."

"எந்த இடம் எண்டு தெரியுமோ?"

"தெரியும். பக்கத்தில ஒரு பாலை மரம்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எத்தனையோ பேர் கண்ணில் இரக்கம் கண்டிருக்கிறேன். இது இரக்கம் இல்லை. வேறு ஏதோ. நல்ல சேலை கட்டிக்கொண்டு போகிற ஒருத்தியைக் கல்யாண வீட்டில் பெண்கள் பார்க்கிற பார்வை.

"நீங்கள் குடுத்து வச்சனீங்கள் அக்கா" என்றாள்.

தேத்தண்ணியைக் கொடுத்தேன். குடித்தாள். "சீனி கூட" என்று குறை சொன்னாள். கீழே இறங்கிப் போனாள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலை, நான் கதவைத் திறந்து கூட்டிக்கொண்டிருக்கிறேன், பரமேசு தனியாக வந்தாள். ரயில் ஏறி, யாரையோ கேட்டு இறங்கி வந்திருக்கிறாள். சேர் வழக்கம்போல எழுந்து நின்றார்.

"இருங்கோ அன்ரி."

"இருக்க வரேல்லத் தம்பி. அக்கா, அந்தத் தட்டத்தைக் கொண்டுவாங்கோ."

தட்டத்தை வைத்தேன். வலப்பக்கம் ஒரு பேணி வைத்தேன், இடப்பக்கம் ஒன்று. மூன்றாவதை அவள் என் கையிலிருந்து வாங்கினாள். காய்ந்த பேணிதான், ஆனாலும் சேலைத் தலைப்பால் உள்ளுக்கும் வெளிக்கும் துடைத்தாள். பிறகு தட்டத்தின் நடுவில், டேப்புக்கு மேலே கவிழ்த்து வைத்தாள்.

"எடுக்க மாட்டன். கவிட்டு விடுறன். உங்கட ஆக்கள் எண்ணாமல் விடட்டும்" என்றாள்.

சேர் உடனே பேனையைத் தொடவில்லை. "மகள் ஏதும் சொன்னவவோ அன்ரி? வற்புறுத்தினவவோ? நான் கேக்க வேணும்."

"ஒண்டும் சொல்லேல்ல. அதுதான் வந்தனான்." பரமேசு கதிரையின் நுனியில் இருந்தாள். "ஏசினாள் எண்டால் நானும் ஏசிப்போட்டு இருந்திருப்பன். இப்ப ஏசுறாளில்லை. வேலையால வாறாள், சோறு போட்டுத் தாறாள், நான் சாப்பிடுமட்டும் பக்கத்தில இருக்கிறாள், கோப்பையைக் கழுவி வைக்கிறாள். அந்த இல்லத்தில இருக்கிற கிழவியளுக்கும் இப்பிடித்தான் செய்வாள் போல. ஒருத்தனைத் துலைச்சது போதும் தம்பி. எங்க கையெழுத்து?"

அன்றைக்குச் சேர் கையை மடிக்கவில்லை. வெக்கைக்கு ஏற்கனவே மடித்திருந்த கையை இறக்கி, இரண்டு மணிக்கட்டிலும் பொத்தான் பூட்டினார். செத்த வீட்டுக்குப் போகும்போது ஆம்பிளைகள் சட்டையைச் சரி செய்வார்களே, அப்படி. பிறகுதான் பேனையை எடுத்தார்.

பரமேசு ஊருக்குப் போய்ப் பத்திரம் எடுத்தாள். அங்கிருந்து எனக்கு ஃபோன் எடுத்தாள். "பதிவுக் கந்தோரில இருந்த பெடியனுக்கு என்ர மகன்ர வயசுதான் வரும் அக்கா. இறந்த திகதி என்ன அம்மா எண்டு கேட்டான். தம்பி, நீங்களே நல்ல நாளாய்ப் பாத்து ஒண்டைப் போடுங்கோ எண்டனான். போட்டான்."

"என்ன திகதி போட்டவன்?"

"நான் பாக்கேல்ல. மடிச்சு வாங்கினனான். பாத்தால் பிறகு வருசா வருசம் திவசம் செய்ய வேணுமெல்லே."

பத்திரத்தை மடித்தபடியே அனுப்பினாள். சேர் அதை விரித்து, பார்த்து, வேறு யாரும் பார்க்கிற முன்னம் ஃபைலுக்குள் வைத்துவிட்டார். கேஸ் சரி. ஏற்றுக்கொண்டார்கள். தர்சினி ஒஃபிசுக்கு லட்டு கொண்டுவந்தாள். சேர் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்; அவர் அதைச் சாப்பிட்டதை நான் காணவில்லை. "இது வரிசையில சேர்த்ததுதான் பிள்ளை. விசா இல்லை. வரிசை நீளம்" என்று மட்டும் சொன்னார். தர்சினி "பரவாயில்லை சேர், சேர்த்திட்டினம்தானே" என்று சிரித்தாள். அந்தப் பிள்ளை சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு சேர் ஒஃபிசை வேறொருவரிடம் விட்டுவிட்டு ஓய்வெடுத்தார். நானும் முழங்கால் நோவோடு வேலையை விட்டேன். வரிசை மட்டும் ஓயவில்லை, நின்ற இடத்திலேயே நிற்கிறது. பரமேசு விசிட்டர் விசாவில் வருவாள், பேரப்பிள்ளைகள் ஒட்டிக்கொள்ளும் நேரத்தில் விசா முடியும், போவாள். திரும்ப வரும்போது பிள்ளைகள் வளர்ந்திருக்கும். முதல் நாள் தாயின் பின்னால் ஒளிந்துகொண்டு "ஹாய்" என்னும். ஊருக்குப் போனால் அந்த வீட்டில் தனி. போன முறை கிணற்றடியில் விழுந்து, பக்கத்து வீட்டுக்காரர் கண்டுதான் தூக்கினார்கள். தர்சினிக்கு அடுத்த நாள்தான் தெரியும். அந்த நேரம் அவள் வேலையில் யாரையோ விழாமல் பிடித்துக்கொண்டிருந்திருப்பாள்.

இந்த முறை வந்ததும் பரமேசு என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஊன்றுகிற பொல்லு. வாய் மட்டும் குறையவில்லை. மருமகள் வாங்கின கண்ணாடிக் கப்பைக் கண்டு, "உதில குடிச்சால் தேத்தண்ணி மாதிரியே இல்லை" என்றாள். நான் சில்வர் பேணியில் ஊற்றிக் கொடுத்தேன். சேர் விட்டுப் போகும்போது அந்தப் பேணிகளை எனக்குத்தான் தந்துவிட்டுப் போனார்.

"நம்பர் எங்க நிக்குதாம்?" என்று கேட்டேன்.

"தர்சினி ஃபோனைத் தட்டிப் பாத்தவள். போன முறை நிண்ட இடத்திலதான் நிக்குது. கொஞ்சம் அசைஞ்சிருக்காம். எனக்கு ஆறுதலுக்குச் சொல்லுறாளோ தெரியாது." ஒரு மிடறு குடித்தாள். "அவனைக் கவிட்டுப்போட்டு வந்து வரிசையில நிக்கிறன் அக்கா. இந்தப் போக்கில போனால் எனக்கு விசா வாறதுக்கு முதல் அவன் நடந்தே வந்து சேர்ந்திடுவான்."

"வரட்டுமே."

"ஐயோ, வரக்கூடாது. வந்தால் கேஸ் பழுதாப் போயிடும்!"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். முதலில் அவளுக்குத்தான் சிரிப்பு வந்தது. பிறகு எனக்கு. அடக்க முடியவில்லை. தேத்தண்ணி சிந்தி அவளுடைய சேலை நனைந்தது. அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், நான் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கண்ணால் தண்ணீர் ஓடுகிறது, இருவரும் துடைக்கவில்லை.

மருமகள் அறைக்குள் இருந்து ஓடி வந்தாள். "என்ன மாமி, என்ன பகிடி? எனக்கும் சொல்லுங்கோவன்."

"ஒண்டுமில்லைப் பிள்ளை" என்றாள் பரமேசு. "நாங்கள் கேஸ் கதைக்கிறம்."